பாதி வயிற்றுக்கு மட்டும் ஊசி

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் சந்தேகப்படுவேன். இது நோயோடு வந்த குணம் இல்லை, கடையோடு வந்தது. உள்துறைமுகத்துக்குப் போகும் வழியில் வலை, கயிறு, மிதவை, படகுக்குப் பூசும் பசை எல்லாம் விற்கும் கடை எங்களுடையது. கணவர் போனபிறகு நானே இருந்து நடத்துகிறேன். கடனுக்கு வாங்கி, 'அடுத்த கிழமை கட்டாயம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கிழமையே வருகிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை. ஆகவே வேலைக்கு ஆள் பிடித்தால் பாதி முதலில், மீதி வேலை முடிந்து நான் பார்த்தபிறகு. கூரைக்குத் தகரம் போட வந்தவருக்கும் அப்படித்தான், கிணறு இறைக்க வந்தவருக்கும் அப்படித்தான். இந்தப் பழக்கம் கடைசியில் என் வயிற்றுக்கே வந்து சேர்ந்ததைத்தான் எழுதப்போகிறேன். இப்போது காயம் ஆறி, அரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாரம் தூக்கக்கூடாது என்று லிங்கநகர் வீட்டில் என்னை இருத்தி வைத்திருக்கிறார்கள். கடையை மகன் பார்க்கிறான். பேனை பாரம் இல்லைத்தானே.

ஒரு வருடமாகவே அடிவயிறு கனத்துக்கொண்டு வந்தது. சேலைக் கொசுவம் செருகும் இடத்தில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வயது போகிறது, தொப்பை வைக்கிறது என்று விட்டுவிட்டேன். மாதவிடாய் நின்றுபோக வேண்டிய வயதில் அது நிற்காமல் கொட்டத் தொடங்கியது. கடைப்படி ஏறினாலே தலை சுற்றியது. என் தங்கை மல்லிகா தம்பலகாமத்தில் இருக்கிறாள். ஒருநாள் தயிர்ச் சட்டியோடு வந்தவள் சட்டியைக் கீழே வைக்கமுன் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என்ன இது? முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரிக் கிடக்கு. இண்டைக்கே கொண்டுபோய்க் காட்டவேணும்."

மல்லிகா என்னைப்போல் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்ன கசாயத்தையும் வீட்டுக்கு வந்து அவித்துக் குடிப்பாள். உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள், அக்கா ஒருத்திதான் பொல்லாதவள் என்பது அவளுடைய முடிவு. அவள்தான் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுப்பித்தாள். கர்ப்பப்பையில் பெரிய கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் நம்பவில்லை. அவளுக்குச் சொல்லாமல் வேறோரிடத்தில் இன்னொரு தடவை எடுத்தேன். அங்கேயும் அதே கட்டி, அதே பருமன். மற்றவர்களுக்கு அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்கு இரண்டு இடமும் ஒரே முதலாளியுடையதோ என்ற யோசனைதான் வந்தது.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரி கிளினிக். விடியவே போய் வரிசையில் நின்று, நம்பர் துண்டு கைக்கு வந்ததும் நீட்டு வாங்கில் இடம் பிடித்துக் காத்திருக்கவேண்டும். அந்த வாங்கில் இருக்கிற எல்லாரும் அரை டொக்டர்கள். மூதூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க இடுப்பு உளையும் என்றார். அவருக்கு அப்பால் இருந்தவர், வெட்டி எடுத்ததை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா எல்லாருக்கும் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்னத் துளை போட்டுக் கமராவால் எடுக்கக்கூடிய அளவில்லை, தொப்புளுக்குக் கீழே நேராக வெட்டிக் கர்ப்பப்பையோடு எடுக்கவேண்டும் என்றார். இது கர்ப்பப்பையின் தசையிலேயே வளர்கிற கட்டி, பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, எடுத்தபிறகு ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து நாள்கணக்காக மென்றுகொண்டிருந்தேன். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புற்றுநோய் இல்லை. அந்தப் பயத்தைக் காட்டி உங்களைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. என்னைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது அந்தக் கட்டியே இல்லை.

இரத்தம் கூடுவதற்கு மருந்து தந்து, நாளும் குறித்து, மயக்க மருந்து டொக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். அங்கே நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லமுன் என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என்னை விசரி என்றுதான் நினைப்பீர்கள்.

அவருக்கு ஒரு தடவை வயிற்றில் வலது பக்கம் நோவு வந்தது. சுருண்டு கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், எழும்பி இருக்கிறார். நோவு சட்டென்று நின்றுவிட்டது. "நோ போயிட்டுது. எல்லாம் சரி," என்று சிரித்தார். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். போய்க் கடையைத் திறந்து வந்தவர்களோடு பகிடியும் விட்டார். மறுநாள் காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகையாக இறுகியது. குடல்வால் உள்ளுக்குள்ளே வெடித்திருந்தது. வெடித்த கையோடு நோவு கொஞ்ச நேரம் அடங்குமாம், அதை நம்பி இருந்துவிடக்கூடாதாம். இதையெல்லாம் நாங்கள் அறிந்தபோது அவர் இல்லை. அன்றிலிருந்து நோவைக் கண்டு நான் பயந்ததில்லை. நோவு நின்றால்தான் எனக்கு நெஞ்சு இடிக்கும்.

மயக்க மருந்து டொக்டரின் பெயர் பர்ஹானா. கிண்ணியா ஊர்ப் பிள்ளை, பார்த்தால் என் மகனைவிட இளையவர். என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு இருக்கிறது. குளிர்காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும், உறிஞ்சுகிற பம்ப் எப்போதும் கைப்பையில் இருக்கும்.

"அம்மா, இந்த நெஞ்சுக்கு முழு மயக்கம் குடுக்க எனக்கு விருப்பமில்ல," என்றார். "முதுகில ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழ விறைக்கச் செய்வம். நீங்க முழிச்சிட்டு இருப்பீங்க. அது பின்னேரம் விட்டுடும். அதுக்குப் பிறகுதான் எனக்கு யோசனை."

அவருடைய யோசனையை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். பலமான நோவு மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் அது மூச்சை மந்தமாக்கும். வேறு சில நோவு மருந்துகள் முட்டு இழுப்பைக் கிளப்பிவிடும். நோவோடு அப்படியே விட்டால் நான் ஆழமாக மூச்சு எடுக்கமாட்டேன், இருமமாட்டேன், சளி நெஞ்சிலே கட்டிவிடும். ஆகவே வயிற்றுச் சுவரின் இரண்டு பக்கமும் ஸ்கேன் மெசினால் பார்த்துப் பார்த்து விறைப்பு மருந்து விடுவார்களாம். வயிற்றுச் சுவரில் மூன்று தசைப் படைகள் இருக்கின்றன. நடுப் படைக்கும் அடிப் படைக்கும் இடையில்தான் தோலுக்கும் தசைக்கும் போகிற நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடைவெளிக்குள் மருந்தை விட்டால் அந்த நரம்புகள் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருக்கும்.

"எவ்வளவு நேரம்?"

"ஆளுக்கு ஆள் வித்தியாசம். அரை நாள், சிலருக்கு ஒரு நாள்."

"அப்ப அந்த நேரத்தில உள்ளுக்க ஏதும் பிழைச்சா எனக்கு என்னெண்டு தெரியவரும்?"

"இது சுவருக்கு மட்டும்தான் அம்மா. உள்ளுக்குள்ள இருந்து வாற நோவ இது மறைக்காது. அதோட நாங்க நாடி பாப்பம், பிரஷர் பாப்பம், காய்ச்சல் பாப்பம், வயித்த அமத்திப் பாப்பம். நோவ மட்டும் நம்பிக்கிட்டு இருக்கமாட்டம்."

நன்றாகத்தான் சொன்னார். நன்றாகச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கவனம் கூடும். மெசின் புதிது, டொக்டர் இளசு, ஊசிக்குக் காசும் கேட்கவில்லை. பழகுவதற்கு இவர்களுக்கு ஒரு வயிறு தேவைப்படுகிறதோ என்று நினைத்தேன்.

"ஒரு பக்கம் போடுங்கோ," என்றேன்.

"என்னம்மா?"

"வலப் பக்கம் போடுங்கோ. இடப் பக்கத்தை விடுங்கோ. அங்க நோ இருக்கட்டும். எனக்குக் காவலுக்கு ஒரு பக்கம் வேணும்."

மல்லிகா தலையில் கை வைத்தாள். "ஐயோ அக்கா, இதென்ன தகரக் கூரையே, பாதி இப்ப பாதி பிறகு எண்டு குடுக்கிறதுக்கு?"

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "வெட்டு நடுவில வருது அம்மா. வலப் பக்க நரம்பு நடு மட்டும் வரும், இடப் பக்க நரம்பும் நடு மட்டும் வரும். ஒரு பக்கம் மட்டும் போட்டா காயத்தில ஒரு பாதி நோகும். அது அரை நோ இல்ல. முழு நோதான், அரை இடத்தில."

"பரவாயில்லை. இந்தப் பக்கம் எப்பிடி எண்டு பாத்திட்டு மற்றப் பக்கத்தைத் தாறன்."

"உங்கட உடம்பு," என்றார். "நீங்க வேணாமெண்டா நான் போட ஏலாது. மனம் மாறினா எந்த நேரமும் சொல்லுங்க. மெசின வோட்டில உங்கட கட்டிலடிக்கே தள்ளிக்கிட்டு வரலாம்."

வென்றுவிட்ட எண்ணத்தோடு வெளியே வந்தேன். பஸ் எடுக்கும்வரை மல்லிகா என்னோடு கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் இருந்தால் உலகம் முடிகிறது என்று அர்த்தம்.

சத்திரசிகிச்சை நாளில் தியேட்டர் ஐஸ் பெட்டியாகக் குளிர்ந்தது. இருத்தி, குனியச் சொல்லி, முதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் முதலில் சூடாகின, பிறகு யாரோ இரவல் தந்த கால்களாகிவிட்டன. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். வெட்டினது தெரியவில்லை. சாக்கிலிருந்து தேங்காய் எடுப்பதுபோல் உள்ளே இழுபட்டது மட்டும் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் சிங்களத்திலும் தமிழிலும் கதைத்தார்கள். ஒவ்வொரு தடவை குரல் தாழ்ந்தபோதும் ஏதோ பிழைத்துவிட்டது, எனக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரோ ஒருவருடைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைத்தார்கள் என்பது பிறகு விளங்கியது.

தைத்து முடிந்ததும் டொக்டர் பர்ஹானா ஸ்கேன் மெசினை என் வலது பக்கம் இழுத்தார்.

"மருந்துப் போத்திலைக் காட்டுங்கோ," என்றேன்.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன். அவர் போத்திலை என் முகத்துக்கு நேரே பிடித்து, பெயரையும் காலாவதித் திகதியையும் வாசித்துக் காட்டினார். வாசித்தது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? சரி என்று தலையாட்டினேன்.

திரையை என் பக்கம் திருப்பிவைத்தார். சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மேலே கொழுப்பு, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று படை என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஊசி ஒரு வெள்ளைக் கோடாகச் சாய்ந்து இறங்கி, இரண்டாம் படையைக் கடந்து நின்றது. மருந்து போகப் போக, இரண்டு பாய்களுக்கு நடுவில் தண்ணீர் புகுந்ததுபோல் அந்த இடம் கறுப்பாக விரிந்தது. சரியான இடத்துக்குப் போனதற்கு அதுதான் அடையாளமாம். என் வயிற்றுக்குள் நடக்கிறதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் உணரவில்லை. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இடப் பக்கம்?" என்று கடைசித் தடவையாகக் கேட்டார்.

"வேண்டாம்."

பின்னேரம் வோட்டில் கால்விரல்கள் ஆடத் தொடங்கின. அதோடு இடது பக்கமும் எழும்பியது. முதலில் எரிவு, பிறகு அந்த எரிவுக்குள் ஒரு கத்தி. தொப்புளிலிருந்து கீழே கோடு கீறினதுபோல, கோட்டுக்கு வலது பக்கம் ஒன்றுமில்லை, இடது பக்கம் அடுப்பு. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம். காவல் நிற்கிறது என்று நினைத்தேன். வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ தொட்டதுபோல் இருந்தது. நரம்பைக் கருக்கிவிட்டார்களோ, இனி இந்தப் பக்கம் திரும்பி வராதோ என்று கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

சந்தோஷம் கன நேரம் நிற்கவில்லை. நோவுக்குச் சேலைனோடு பனடோல் மருந்து ஏற்றினார்கள். பலமான மருந்தை என் நெஞ்சுக்குப் பயந்து கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். அது தலையைச் சுற்றவைத்ததே தவிர இடது பக்கத்தைத் தொடவில்லை. மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வந்து, "தலைகாணியை வயித்தோட அணைச்சுப் பிடிச்சு, நல்லா இருமுங்கோ அம்மா," என்றார். அணைத்துப் பிடித்தேன். இருமலின் முதல் அசைவிலேயே காயம் பிளக்கிறதுபோல் இருந்தது. இருமலை விழுங்கிவிட்டேன். மேல் மூச்சு மட்டும் எடுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தேன்.

உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று சத்தம் போட்டேன். வோட்டில் நின்ற டொக்டர் ஓடிவந்து வயிற்றை அமர்த்திப் பார்த்து, காயத்து நோவுதான் என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கூப்பிட்டேன். வந்து பார்த்து அதையே சொன்னார். பிறகும் கூப்பிட்டேன். அவருக்கு முன்னால் மல்லிகாதான் வெட்கப்பட்டாள். முன்பு எங்கள் கடைக்குக் காவலுக்கு ஒருவர் இருந்தார். முழித்திருக்கிறார் என்று காட்டுவதற்காக விடியும்வரை விசில் ஊதுவார். அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. வலைக் கட்டுகள் களவுபோன இரவும் அவர் ஊதிக்கொண்டுதான் இருந்தார். என்னுடைய இடது பக்கம் அந்த மனிதரைப்போலத்தான் காவல் காத்தது. உள்ளே உண்மையாகவே ஏதாவது நடந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் எனக்குத் தெரிந்திருக்காது.

விடிந்தபோது என் மூச்சில் விசில் கேட்டது. உடம்பு சுட்டது. மூக்கில் ஒக்சிசன் குழாயைச் செருகி, கட்டிலிலேயே நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி கீழே இறங்கத் தொடங்கிவிட்டது, இருமி வெளியே எடுக்காவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றவேண்டிவரும் என்று பெரிய டொக்டர் என்னிடமே சொன்னார். அந்த அறைக்கு மெசினில் மூச்சுவிடப் போனவர்களைப் பற்றிக் கிளினிக் வாங்கில் இருந்தபோது நிறையக் கேட்டிருந்தேன். அப்போதுதான் எனக்குச் சாவுப் பயம் வந்தது. உள்ளே வெடிக்கும் என்று ஒரு பக்கத்துக்குக் காவல் போட்டுவிட்டு, அந்தக் காவலாலேயே மூச்சு நின்று சாகப்போகிறேன் என்று பயந்தேன்.

மல்லிகா இரவு முழுக்க என் கால்மாட்டில் இருந்து பாதங்களைத் தேய்த்துவிட்டவள். கரண்டியால் வெந்நீர் பருக்கினவள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் பருக்கினாள் என்பது வேறு கதை. அவள் என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அக்கா, நீங்கள் ஒருத்தரையும் நம்பவேண்டாம். என்னையும் நம்பவேண்டாம். ஆனா மூச்சு விடுங்கோ."

அவள் அழுதபடி சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டும், அது என்னிடம் இல்லை.

"அந்தக் கிண்ணியாப் பிள்ளையைக் கூப்பிடு," என்றேன்.

டொக்டர் பர்ஹானா மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார். 'நான் சொன்னேன்தானே' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்கு ஒரு பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் விடப்போற நேரம் அம்மா. இடப் பக்கத்துக்கு மட்டும் போடவா, ரெண்டுக்குமா?" என்றார்.

"ரெண்டுக்கும்."

வேலை முடியுமுன் ஒருவருக்கு முழுதாகக் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஊசி தோலைத் துளைத்தது தெரிந்தது. பிறகு உள்ளே ஒரு அமுக்கம். தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் இடது பக்கத்து அடுப்பு தணியத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு அறவே. மிஸி தலைகாணியைக் கையில் தந்தார். இருமினேன். இழுத்தது, நோகவில்லை. திரும்பவும் இருமினேன். வந்த சளியைப் பார்த்து மிஸி கெட்டிக்காரி என்றார். பள்ளிக்கூடத்திலும் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. மத்தியானத்துக்கு முன் மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு யன்னல்வரை நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சில் விசில் குறைந்திருந்தது.

உங்களில் யாருக்காவது வயிற்றில் வெட்டு வரப்போகிறதென்றால், இப்படி ஒரு ஊசி உண்டா என்று டொக்டரைக் கேளுங்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது, எல்லா இடத்திலும் அதற்கு ஆளும் மெசினும் இருக்காது. ஊசி போட்ட இடம் கண்டி நீலமாகலாம். சிலருக்கு நினைத்த அளவுக்கு வேலை செய்யாமலும் போகலாமாம். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னவை. சந்தேகத்தைக் கேட்டுத் தீருங்கள். என்னைப்போல் உடம்பைக் கூறுபோட்டுப் பேரம் பேசவேண்டாம்.

ஆனால் நோவு இல்லாத அந்த மத்தியானம் நான் நினைத்தபடி சுகமாக இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முனகினார், மிஸி அவரிடம் ஓடினார். எதிர்க் கட்டில்காரர் கையைத் தூக்கினார், டொக்டர் அங்கே போனார். என்னிடம் ஒருவரும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. மல்லிகா கதிரையில் இருந்தபடியே வாய் திறந்து நித்திரையாகிவிட்டாள். நான் சுகமாகக் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். நோவு போய்விட்டது, எல்லாம் சரி. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

டொக்டர் பர்ஹானா வந்தபோது ஆயத்தமாக இருந்தேன்.

"எப்படி அம்மா, நோ இருக்கா?"

"இருக்கு," என்றேன். "சரியான நோ."

"மேலயா, உள்ளுக்கா?"

"மேல. காயத்தில." இடது பக்கம் ஒரு இடத்தை விரலால் காட்டினேன்.

அவர் ஒரு ஐஸ் துண்டை எடுப்பித்து, நான் காட்டின இடத்தில் வைத்தார். "குளிருதா?"

யோசிக்காமல் இல்லை என்றுவிட்டேன். அதையே என் தோளில் வைத்தார். துள்ளிவிட்டேன்.

"குளிர் தெரியாத இடத்தில காயம் மட்டும் எப்படி அம்மா நோகும்?" மெதுவாகத்தான் கேட்டார். கண் விழித்திருந்த மல்லிகா வேறெங்கோ பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்ட கோபம். "நோ இல்லை எண்டு சொன்னா நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போயிடுவீங்கள்," என்றேன். "எங்கட வீட்டில ஒராள் அப்பிடித்தான் சொன்னவர். நோ இல்லை எண்டார். எல்லாரும் தங்கட தங்கட வேலையைப் பாக்கப் போயிட்டம். அதோட அவர் போயிட்டார்." பிறகு முழுவதையும் சொன்னேன். வலது பக்கத்து நோவு, தேத்தண்ணி, கடை, பகிடி, காய்ச்சல் எல்லாம். இவ்வளவு காலமும் வெளியாள் ஒருவரிடம் நான் சொல்லாததை ஐஸ் துண்டோடு நின்ற ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐஸ் கரைந்து என் பெற்சீற்றில் சொட்டியது.

அவர் கேட்டு முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நோ இல்லாட்டியும் நான் வருவன் அம்மா," என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத்தான் போனார். வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நிற்கவைத்தால் எங்கள் கடை போதாது. இவரும் நல்ல பிள்ளைதான், ஆனால் எத்தனை கட்டில், எத்தனை வயிறு, எப்படி நினைவு வைத்திருப்பார் என்று மல்லிகாவிடம் சொன்னேன். மல்லிகா, "வருவா அக்கா," என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

பின்னேரம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போய் வோட்டு அடங்கிய நேரம், டொக்டர் பர்ஹானா வந்தார். வெள்ளை அங்கி இல்லை. தோளில் கைப்பை, கையில் குடை. கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் நடையில் தெரிந்தது.

"நோ இருக்கா அம்மா?"

இருக்கு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் வாசல் கிட்டத்தான் இருந்தது.

"இல்லை," என்றேன்.

அவர் கைப்பையைக் கழற்றி என் கால்மாட்டில் வைத்தார். குடையை மல்லிகாவிடம் கொடுத்தார். இரண்டு கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொண்டு, போர்வையை விலக்கி, என் வயிற்றில் கை வைத்து மெதுவாக அமர்த்திப் பார்க்கத் தொடங்கினார்.